இருபது வருஷத்துக்குப் பூட்டிவைக்க முடியுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாவகாசமாகப் படியுங்கள்.

பிரான்சில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். பெண் குழந்தைக்கு நாலு வயசு. அவளுக்காகப் பிட்காயின் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறாராம். இங்கே இருக்கும் பூர்வீக மனையை விற்று இன்னும் வாங்கலாமா என்று யோசனை. "இருபது வருஷம் தொடவே மாட்டேன் டீச்சர். ஆனா குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா இந்தப் பூட்டெல்லாம் உடைஞ்சிடும்னு சொல்றாங்களே, நிஜமா? நீங்க கணக்கு டீச்சராச்சே" என்றார்.

விலை ஏறுமா இறங்குமா என்பது எனக்குத் தெரியாத சங்கதி. பூட்டு என்பது கணக்கு. அதனால் கம்ப்யூட்டர் படித்த என் தம்பி மகனைத் துளைத்தெடுத்து, சில வாரம் உட்கார்ந்து படித்தேன். உங்களில் இன்னும் சிலரும் இதில் பணம் போட்டிருப்பீர்கள் என்பதால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்க் காசிலிருந்து தொடங்குகிறேன். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பக்கத்துத் தரங்கம்பாடியில் 1620 முதலே டேனிஷ்காரர்கள். ஆளுக்கொரு நாணயம் அடித்தார்கள். டேனிஷ் காசில் அவர்கள் ராஜாவின் முத்திரை. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் அல்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ஊர்ப்பெயர். அவர்கள் 'தூதூ' என்று எழுதி வைத்தது நம் துட்டுதான். இத்தனை நாணயம் புழங்கிய கரையில் நல்லது எது கெட்டது எது என்று சொல்லச் சராப்புக்காரர் இருந்தார். தட்டிப் பார்ப்பார், எடை போடுவார், பொன் என்றால் உரைகல்லில் உரைப்பார். பிறகு காகித நோட்டு வந்தது. 1875-இல் தொடங்கிய இந்தோசீன வங்கிக்குத்தான் பிரெஞ்சிந்தியாவில் நோட்டு அடிக்கும் உரிமை. அதன் ரூபாய் நோட்டில் இருந்தது உலோகமல்ல, ஒரு வங்கியின் சொல். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தபின் அந்தச் சொல்லுக்கும் இங்கே வேலை இல்லாமல் போயிற்று.

செப்புக் காசு உலோகத்தை நம்பி நின்றது, நோட்டு அரசை நம்பி நின்றது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி ஓடத் தொடங்கிய பிட்காயின் இரண்டையும் நம்பவில்லை. "இந்தக் கணக்கை யாராலும் போட முடியாது" என்பதை மட்டும் நம்பி நிற்கிறது. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் அதை உருவாக்கியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

அது என்ன கணக்கு? பலரும் நினைப்பதுபோல் பிட்காயினில் எதையும் மறைத்து எழுதுவதில்லை. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்ற பேரேடு முழுதும் உலகமே பார்க்கத் திறந்து கிடக்கிறது. அங்கே பூட்டு என்பது கையெழுத்து. "இது என்னுடையது, இவருக்குக் கொடுக்கிறேன்" என்று உரியவர் மட்டுமே போடக்கூடிய, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய கையெழுத்து.

பாண்டி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் வரிசையாக இல்லாமல் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. தொடங்கும் கட்டம் ஊருக்கே தெரியும். ஒரு தாவலில் எங்கே போய் விழுவோம் என்பதற்கு விதியும் உண்டு. நீங்கள் மனதுக்குள் ஒரு எண்ணை நினைத்து, அத்தனை முறை தாவி, நின்ற கட்டத்தை மட்டும் ஊருக்குச் சொல்கிறீர்கள். நின்ற கட்டம் பொதுச்சாவி. எத்தனை தாவல் என்பது தனிச்சாவி. அந்த எண் 78 இலக்கம் வரை போகும். உரியவர் மட்டும் எப்படி அத்தனை தாவுகிறார்? இரட்டிப்பால். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேனே, அதே 1, 2, 4, 8, 16. சுமார் 256 இரட்டிப்புகளும் கொஞ்சம் கூட்டலும் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். எண் தெரியாதவருக்கு அந்த வழி இல்லை. இன்று தெரிந்த மிகச் சிறந்த குறுக்குவழியில் போனாலும் சாதாரண கம்ப்யூட்டருக்கு 39 இலக்க அளவுக்குப் படிகள் ஆகும். இந்தச் சிதறிய கட்டங்களுக்குக் கணக்கில் 'எலிப்டிக் கர்வ்' என்று பெயர். 1985-இல் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் என்ற இருவர் தனித்தனியே இதைப் பூட்டாக்கலாம் என்று சொன்னார்கள்.

39 இலக்கப் படி என்றால் இருபது வருஷம் என்ன, இரண்டாயிரம் வருஷமும் தாங்குமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் பழைய கதைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'இதை உடைக்க இத்தனை காலமாகும்' என்று சொன்னவர்கள் எல்லாம் தங்களுக்குத் தெரிந்த வழியை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களே ஒரு எழுத்துமுறையை 'உடைக்கவே முடியாத மறையெழுத்து' என்று கொண்டாடினார்கள். 1586-இல் புத்தகம் எழுதிய விழெனெர் என்பவர் பெயரால் அது வழங்கியது. (உண்மையில் அதை 1553-லேயே ஓர் இத்தாலியர் எழுதிவிட்டார். பெயர் வாங்குவது ஒருவர், உழைப்பது இன்னொருவர் என்பது எல்லா ஊரிலும் உண்டு.) 1863-இல் கசிஸ்கி என்ற ஜெர்மன் ராணுவ அதிகாரி அதை உடைக்கும் வழியை அச்சில் போட்டார்.

அதைவிட நம் காலத்துக்கு நெருங்கிய கதை ஒன்று. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டைச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த எண்ணிலிருந்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கடினம் என்பதே அதன் அடிப்படை. அந்த ஆண்டு 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் 129 இலக்க எண் ஒன்றை அச்சிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார். உடைக்க எவ்வளவு காலமாகும் என்று அங்கே சொல்லப்பட்ட கணிப்பு, நம் கணக்கில் 400 கோடி கோடி ஆண்டுகள். 1994 ஏப்ரலில் அது உடைந்தது. பதினேழே வருஷம். இணையத்தில் சேர்ந்த சுமார் 600 பேர் ஓய்வு நேரக் கம்ப்யூட்டர்களை இணைத்து எட்டு மாதத்தில் முடித்தார்கள். இயந்திரம் வேகமாகியது ஒரு காரணம்தான். நடுவில் புதிதாக ஒரு சல்லடை முறை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதே பெரிய காரணம்.

நம் நாட்டிலும் ஒரு தடவை இந்தப் பயம் எழுந்தது. 2002 ஆகஸ்ட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்களும் ஓர் எண் பகா எண்தானா என்பதைச் சந்தேகத்துக்கே இடமின்றி, விரைவாகச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி போனது. அப்படியானால் பகா எண்ணை நம்பும் பூட்டுகள் கதி என்ன என்று கேள்வி கிளம்பியது.

ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்பதை 91-ஐ வைத்துச் சொல்கிறேன், பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஓர் ஒற்றைப் பகா எண் இருந்தால், அதில் ஒன்றைக் குறைத்து, அத்தனை தடவை 2-ஐப் பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 13-ஐ எடுங்கள். 2-ஐ 12 தடவை பெருக்கினால் 4096. அதை 13-ஆல் வகுத்தால் மீதி 1. சரியாக இருக்கிறதா? இப்போது 91. 2-ஐ 90 தடவை பெருக்க வேண்டும். பயப்படாதீர்கள், அதே 4096-ஐ 91-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான் (45 தடவை 91 என்றால் 4095). ஆகவே பன்னிரண்டு பன்னிரண்டாகக் கழித்துவிடலாம், 84 போக 6 மிஞ்சும். 2-ஐ 6 தடவை பெருக்கினால் 64. மீதி 1 வரவில்லை. ஆக 91 பகா எண் அல்ல என்று தீர்ந்துவிட்டது. ஆனால் அதன் காரணிகள் 7-ம் 13-ம் என்று இந்தக் கணக்கு சொல்லியதா? சொல்லவில்லை. பகா எண் அல்ல என்று தெரிவது வேறு, காரணிகள் தெரிவது வேறு. பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று குலுக்கிப் பார்த்துச் சொல்லலாம், அதனால் பெட்டி திறந்துவிடாது. கான்பூர்க்காரர்கள் முறை இதைவிட நுட்பமானது. ஆனால் அவர்கள் தீர்த்ததும் இந்த முதல் கேள்வியைத்தான். அந்தக் கட்டுரை 2004-இல் பெரிய கணித இதழில் வந்தது, 2006-இல் கோடல் பரிசும் பெற்றது. பூட்டு மட்டும் அசையவில்லை.

ஆக எல்லாப் பரபரப்பும் உடைப்பு அல்ல. உடைப்பு வரும்போது பரபரப்பும் முன்கூட்டி வராது. அதற்கு உதாரணம் 2022-இல் நடந்தது. இதில் நம் கும்பகோணத்து ராமானுஜன் பெயரும் வருகிறது என்பதால் எனக்குத் தனிப் பிரியம்.

1916-இல் ராமானுஜன் ஓர் அனுமானத்தை எழுதினார். 1974-இல் தெலிஞ் என்பவர் அதை நிரூபித்தார். அதன் வழியில், புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த சில விசேஷமான வலைகளுக்கு 1988-இல் 'ராமானுஜன் கிராப்' என்று பெயரிட்டார்கள். பெரிய ஊரில் தெருக்கள் மிகக் குறைவு, ஆனாலும் எங்கே தொடங்கினாலும் சில திருப்பங்களில் ஊரின் எந்த மூலைக்கும் போய்விடலாம் என்றால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வலை. அந்த வலையில் ஒருவர் எந்த வழியாக நடந்தார் என்பதையே ரகசியமாக வைக்கும் பூட்டு ஒன்றைச் செய்தார்கள். 'சைக்' என்று பெயர். குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாது என்று எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2022 ஜூலையில் அதை நான்காம் சுற்றுப் பரிசீலனைக்கு எடுத்தது. அந்த மாதக் கடைசியிலேயே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், தெக்ரூ இருவரும் அதன் ஒரு வகையைச் சாதாரணக் கம்ப்யூட்டரில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய தேற்றம் 1997-லேயே அச்சில் வந்தது. இருபத்தைந்து வருஷம் எல்லார் கண்ணெதிரிலும் இருந்திருக்கிறது! ராமானுஜன் அனுமானத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. வலை அப்படியேதான் இருக்கிறது. நடந்தவர் வழியில் விட்டுச்சென்ற கூடுதல் தடயத்தைத்தான் பிடித்தார்கள்.

இனி குவாண்டம் விஷயம். 129 இலக்க எண் உடைந்த அதே 1994-இல், பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கர் காகிதத்தில் ஒன்றைக் காட்டினார். குவாண்டம் விதிப்படி இயங்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தால், காரணி காண்பதும் சரி, பாண்டி ஆட்டத்தில் எத்தனை தாவல் என்று எண்ணுவதும் சரி, இரண்டும் சுலபமாகிவிடும். இயந்திரம்தான் இல்லை. 2001-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 7 க்யூபிட் வைத்து 15-ஐ 3, 5 என்று பிரித்தார்கள். அதை என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாக்பீஸில் செய்வார்கள். 2024 டிசம்பரில் கூகுள் காட்டிய 'வில்லோ' சில்லில் 105 க்யூபிட். உண்மையான பூட்டை உடைக்க இது எந்த மூலைக்கும் போதாது.

ஆனால் தேவைப்படும் அளவு எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். ஆர்.எஸ்.ஏ.வின் 2048 பிட் பூட்டை எட்டு மணி நேரத்தில் உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-இல் கிட்னி, எக்கெரா இருவரும் கணக்கிட்டார்கள். அதே கிட்னி 2025-இல் மறுபடி கணக்கிட்டபோது, ஒரு வாரத்துக்குள் முடிக்க 10 லட்சத்துக்கும் குறைவாகப் போதும் என்றார். ஆறு வருஷத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்த இயந்திரம் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் அதற்கான வேலை குறைந்துவிட்டது. பிட்காயினின் கையெழுத்தை உடைக்க ஆர்.எஸ்.ஏ.வுக்கு ஆகும் வேலையைவிட அதிகம் ஆகாது என்பதே ஆய்வாளர்கள் கணிப்பு. நிஸ்ட் 2024 ஆகஸ்ட்டில் குவாண்டத்தைத் தாங்கும் மூன்று புதிய தரங்களை வெளியிட்டுவிட்டது. பழைய பூட்டுகளை 2035-க்குள் கைவிட வேண்டும் என்று அதன் வரைவு சொல்கிறது. நம் அரசும் 2023-இல் 6,003 கோடி ரூபாய்க்குத் தேசிய குவாண்டம் இயக்கம் தொடங்கியது. அதில் தகவல்தொடர்புப் பிரிவுக்குத் தலைமை இடம் சென்னை ஐ.ஐ.டி.

அப்படியானால் பேங்கில் இருக்கும் பணமும் ஆபத்துதானே என்று கேட்பீர்கள். பூட்டு பழசாவது அங்கேயும் உண்டு. அங்கே பூட்டை மாற்ற ஆள் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். பழைய ஏ.டி.எம். கார்டில் கறுப்புப் பட்டை மட்டும்தானே இருந்தது? 2018 டிசம்பருக்குள் எல்லாவற்றையும் சிப் கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. நமக்கு வீட்டுக்குப் புதுக் கார்டு வந்தது. அந்தக் காந்தப் பட்டையில் என்ன பலவீனம் என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

பிட்காயினில் உங்கள் பூட்டை உங்களைத் தவிர வேறு யாரும் மாற்ற முடியாது. புதிய வகைப் பூட்டு வந்தால், நீங்கள் உங்கள் தனிச்சாவியால் பழைய முகவரியில் இருப்பதை எடுத்துப் புதிய முகவரிக்குப் போட வேண்டும். சாவி தொலைத்தவர், இறந்துபோனவர், சேதியே தெரியாதவர் கணக்குகள் பழைய பூட்டிலேயே கிடக்கும். பேரேடு பொதுவில் இருப்பதால் திருடன் எதையும் முன்கூட்டிச் சேகரிக்க வேண்டியதில்லை, இயந்திரம் கிடைத்த அன்று உட்கார்ந்தால் போதும். எல்லா முகவரிக்கும் ஒரே ஆபத்து இல்லை. பெரும்பாலானவற்றில் பொதுச்சாவியின் சுருக்கம் மட்டுமே வெளியே தெரியும், செலவு செய்யும்போதுதான் சாவியே வெளிப்படும். ஆனால் தொடக்க காலத்துக் காசுகள் பலவற்றில் அது நேராகவே எழுதப்பட்டிருக்கிறது. சடோஷியுடையவை என்று கருதப்படும் பத்து லட்சம் சொச்சமும் அதில் சேர்த்தி. மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு இப்படித் திறந்த நிலையில் இருப்பதாக டெலாய்ட் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று சொன்னது. வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் நகரத்துக்காரர் ஒருவர், சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-இல் குப்பைமேட்டுக்குப் போய்விட்டது என்று கோர்ட் வரை அலைந்தார். அதைப்போல வெளியே தெரியாதவை எத்தனையோ.

ஆகவே புதுப் பூட்டுக்கு மாறும்போது ஒரு கெடு வைக்கலாமா என்று பிட்காயின் உலகத்தில் இப்போது பெரிய சண்டை. 2025-இல் ஜேம்சன் லாப் முதலியோர் வைத்த முன்மொழிவு, குறித்த காலத்துக்குள் மாறாத பழைய காசுகளை முடக்கிவிடலாம் என்கிறது. அடுத்தவர் காசை முடக்க நீ யார் என்று ஒரு சாரார். முடக்காவிட்டால் திருடன் கொண்டுபோவான் என்று மறு சாரார். எனக்கு இரண்டாவது பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆனால் 'யார் சொல்லுக்கும் கட்டுப்படாத பணம்' என்று சொல்லி விற்றவர்கள் இதை எந்த முகத்தோடு செய்வார்கள் என்று தெரியவில்லை.

கெடு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் கேட்டோம். டிசம்பர் 30 வரை பேங்கில் கட்டலாம் என்றார்கள். நாடு முழுக்க வரிசையில் நின்றது. செல்லாமல் போன நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி பிறகு சொன்னது. அப்படியும் 2019-இல் திருப்பூர் மாவட்டம் பூமலூரில் வயதான அக்கா தங்கை இருவர், மருத்துவச் செலவுக்கும் ஈமச் செலவுக்குமாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 46 ஆயிரம் ரூபாயை எடுத்துக் காட்டியபோது, அத்தனையும் பழைய நோட்டு. டிவி, பேப்பர், தண்டோரா, பக்கத்து வீடு என்று இத்தனை இருந்தும் சேதி அவர்களிடம் போய்ச் சேரவில்லை. பிட்காயினுக்குத் தண்டோரா போட யார் இருக்கிறார்கள்?

மாணவரிடம் நான் சொன்னது இதைத்தான்: "பூட்டு நாளைக்கே உடையும்னு சொல்லமாட்டேன்பா. ஆனா இருபது வருஷம் தொடாம வைக்கிற பொருள் இது இல்லே. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரமாவது என்ன மாறியிருக்குன்னு பாத்து, தேவைப்பட்டா எடுத்து வேற பூட்டுல வைக்கணும். நீ இல்லாட்டி அதைச் செய்ய உன் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாது என்றார். மனை விஷயத்தை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை பணம் தொலைத்தவர்கள் கணக்கு உடைந்ததால் தொலைக்கவில்லை. 2024 ஜூலை 18-இல் வசீர்எக்ஸ் என்ற நம் நாட்டுக் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் பெறுமானம் போனது. பாண்டிக் கட்டங்களில் யாரும் தாவலை எண்ணிவிடவில்லை. கையெழுத்துப் போடும் ஏற்பாட்டைத்தான் ஏமாற்றினார்கள். பத்திரம் சரி, கையெழுத்தும் சரி, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில் ஏமாற்று. இந்தியா கடைசியில் எந்தச் சட்டம் போடும் என்பதும் முழுசாகத் தீரவில்லை. 2018-இல் ரிசர்வ் வங்கி பேங்குகளைத் தடுத்தது, 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, 2022 பட்ஜெட்டில் 30 சதவீத வரி வந்தது.

அந்த வசீர்எக்ஸ் விவகாரத்தின் தொடர்ச்சியாகத்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். திருட்டுப் போனது வேறு வகைக் காசு. ஆனால் நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பகிர்ந்து கட்டும் ஏற்பாடு வந்தது. வேறு வகைக் காசு வைத்திருந்த ஒரு பெண்மணி என்னுடையதைத் தொடாதே என்று வந்தார். கிரிப்டோ என்பது கையால் தொட முடியாவிட்டாலும் ஒருவர் உடைமை கொள்ளக்கூடிய, நம்பி ஒப்படைக்கக்கூடிய சொத்துதான் என்று நீதிமன்றம் சொன்னது. சந்தைக்காரர் கையில் இருக்கும்வரை இது பெரிய துணை. வழக்குப் போட எதிரே ஒரு ஆள் இருக்கிறார்.

நம் ஊரில் இன்றும் மனை வாங்கும்போது பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் எழுதிய பத்திரம் மூலப்பத்திரமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் யாராவது போலிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யலாம், பெயரைத் திருத்தலாம். பிட்காயின் பேரேட்டில் கணக்குப்படி சரியாக விழுந்த கையெழுத்து யார் போட்டாலும் உரியவர் போட்டதுதான். குவாண்டம் இயந்திரத்தை வைத்து ஒருவர் தாவலை எண்ணிவிட்டால், அது போலி என்று காட்ட அந்தப் பேரேட்டில் ஓர் அடையாளமும் இருக்காது. சென்னையில் ஜெயித்த தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் யார் கதவைத் தட்டுவது என்பதற்கு இதுவரை எந்தக் கோர்ட்டும் பதில் சொல்ல வேண்டி வரவில்லை.